பழைய பெட்ரோல் பிக்கப்புக்கு டீசல் எஞ்சின்: எதை மாட்டுவது, எதோடு மாட்டுவது?

போடி_ஏலத்தோட்டம்

வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய மஹிந்திரா பிக்கப் ஒன்று இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 1972. முன்பக்கம் ஜீப், பின்பக்கம் பலகை அடித்த தொட்டி, ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், மூன்று கியர், ஃபோர் வீல். வீடு போடியில், தோட்டம் பூப்பாறை தாண்டி. மேலே போகும்போது உரமூட்டை, கீழே வரும்போது ஏலக்காய்ச் சாக்கு, மாதம் எப்படியும் அறுநூறு கிலோமீட்டர் ஓடிவிடும்.

வண்டி பாடி இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. எஞ்சின்தான் படுத்துகிறது. கோடையில் போடிமெட்டு மலைப்பாதை ஏறும்போது பாதி வழியில் பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வேப்பர் லாக் ஆகி நின்றுவிடும், ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர். இப்போது பங்கில் வருவதெல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதில் பழைய ரப்பர் டியூபெல்லாம் ஊறிப்போய் இரண்டு தடவை ஒழுகிவிட்டது. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதைப் பார்த்த அன்றுதான் டீசலுக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் மெக்கானிக் சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் ஒரு ஸ்வராஜ் மஸ்டா எஞ்சின் பார்த்து வைத்திருக்கிறார். மூன்றரை லிட்டர், விலையும் குறைவு, "போட்டால் மலையைப் பிடுங்கிவிடும்" என்கிறார். பெல் ஹவுசிங்குக்கு (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) ஒரு பிளேட் கடைந்து பழைய கியர்பாக்ஸிலேயே மாட்டிவிடலாமாம். செய்தவர்கள் சொல்லுங்கள், முன்பணம் கொடுக்கலாமா?

சிங்காநல்லூர்_லேத்

முன்பணம் கொடுக்காதீங்க. முதலில் இதைப் படித்துவிடுங்க.

மஸ்டா எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை, 3,455 சிசி, நல்ல உழைப்பாளி. ஆனால் அது ஆறு சக்கர வண்டியைத் தள்ளுவதற்கென்று செய்த எஞ்சின், அதற்குப் பின்னால் அதற்குத் தக்க கிளட்ச்சும் கியர்பாக்ஸும் பின் ஆக்சில் ஹவுசிங்கும் வைத்திருந்தார்கள். உங்கள் வண்டியில் இருப்பது டி-90 மூன்று கியர் பாக்ஸ். ஹரிக்கேன் கொடுக்கும் இழுவை (டார்க்) சுமார் 15.7 கிலோகிராம்-மீட்டர், அதற்கே உரமூட்டையோடு மேட்டில் முதல் கியரில் எடுத்தால் உள்ளே பல்லு முனகும். அதன் மேல் ஒரு லாரி எஞ்சினை வைத்தால் பல் போகும், இல்லை பின் ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடையும். எங்கே உடையும் என்றால் கொண்டை ஊசி வளைவில்தான், ஏனென்றால் அங்கேதான் பாரம் முழுதும் விழும்.

எடையும் இருக்கிறது. எஞ்சின் கனத்தால் முன் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிடும், ஸ்டியரிங் கல்லாகும், இறக்கத்தில் முன் பிரேக்குக்கு வேலை கூடும். இன்றைக்கே ஒரு எடைமேடைக்குப் போய் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி எடை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்க. எந்த எஞ்சின் போட்டாலும் பிறகு அதே மேடையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிளேட் கடைவது பற்றி, அது என் தொழில், அதனால் சொல்கிறேன். பிளேட் செய்வது ஒரு நாள் வேலை. எஞ்சின் கிராங்க்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே நேரில் நிற்க வைப்பதுதான் உயிர் போகும் வேலை. டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் முள் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது. ஆடினால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் தேயும், கிளட்ச் இழுத்துக்கொண்டு விடும், ஆறு மாதத்தில் முன் பேரிங் கத்தும். எங்கள் பட்டறைக்கு வரும் மாற்று எஞ்சின் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறோடுதான் வருகின்றன. டயல் கேஜ் இல்லாமல் கண்மட்டத்தில் பிளேட் அடிக்கும் ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீங்க.

இப்போது எனக்கு இரண்டு கணக்கு வேண்டும். ஒன்று, பின் ஹவுசிங்கின் கிரவுன் பினியன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ஜாயிண்ட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) எத்தனை சுற்று வர வேண்டும் என்பது. கியரை நியூட்ரலில் போட்டு, முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்க. அந்தச் சக்கரத்தைச் சரியாக இருபது சுற்று சுற்றி, ஜாயிண்ட் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்க. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் இருபது என்பது பத்துக்குச் சமம், எண்ணியதைப் பத்தால் வகுத்தால் விகிதம். இரண்டு, டயர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று சாக்பீஸ் குறி போட்டு அளந்து சொல்லுங்க.

ஹரிக்கேன்_பிரியன்

எனக்கு இதில் வேறு கருத்து. ஓடுகிற ஹரிக்கேனைக் கழற்றுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று குறையும் எஞ்சினுடையது இல்லை, எஞ்சினைச் சுற்றி இருக்கிற சாமான்களுடையது.

வேப்பர் லாக்கிற்குக் காரணம் பெட்ரோல் லைன் எக்ஸாஸ்ட் பக்கம் ஒட்டிப் போவது. லைனைச் சேஸுக்கு வெளியே திருப்பி, பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரிக் பம்ப் போட்டு, எக்ஸாஸ்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு தகரம் வையுங்கள். எங்கள் வண்டியில் இதைச் செய்து நாலு கோடை ஆகிவிட்டது, கொடைக்கானல் ரோட்டில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. எத்தனாலுக்கு அதைத் தாங்கும் டியூபும் டயாஃப்ரமும் வந்துவிட்டன, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். மைலேஜ் ஆறு என்பது ஹரிக்கேனுக்குக் குறைவு. வால்வு கிளியரன்ஸ், டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டையும் பாருங்கள், எட்டு வரும்.

1953-இல் அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் ஜீப் 3பி மாடல் வந்தபோது இந்த எஞ்சின் உயரமாக இருந்ததால்தான் பானெட்டையே உயர்த்தினார்கள். மஹிந்திரா ஜீப்புக்கு அந்த முகம் வந்ததே இந்த எஞ்சினால். அதை எடுத்துவிட்டால் வண்டியில் என்ன மிச்சம் என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளுங்கள். டீசலே வேண்டும் என்றால் எடுத்த எஞ்சினைக் காயலான் கடைக்குப் போடாமல், ஆயில் ஊற்றி, பிளக் துளையை அடைத்து, ஒரு மரச்சட்டத்தில் வைத்துவிடுங்கள்.

போடி_ஏலத்தோட்டம்

இரண்டு பேருக்கும் நன்றி. மெக்கானிக்கிடம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எண்ணிப் பார்த்தேன். இருபது சுற்றுக்கு ஜாயிண்ட் ஷாஃப்ட் ஐம்பத்து மூன்றே முக்கால். டயர் 7.00-16, ஒரு சுற்றுக்கு 2.35 மீட்டர். எடைமேடைச் சீட்டையும் எடுத்து வைத்துவிட்டேன்.

லைனைத் திருப்பும் வேலை இந்த வாரமே செய்கிறேன், டீசல் போட்டாலும் போடாவிட்டாலும் அதுவரை ஓட்ட வேண்டுமே.

சிங்காநல்லூர்_லேத்

ஐம்பத்து மூன்றே முக்கால் என்றால் 5.38. கிரவுனில் 43 பல், பினியனில் 8. ஜீப்பின் பழைய விகிதம் அப்படியே இருக்கிறது. இப்போது கணக்கைப் பாருங்க, உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே வந்துவிடும்.

டாப் கியரில் எஞ்சின் சுற்றும் ஜாயிண்ட் சுற்றும் ஒன்று. ஹரிக்கேன் 4,000 சுற்று வரை போகும், 4,000-ஐ 5.38-ஆல் வகுத்து 2.35-ஆல் பெருக்கினால் மணிக்கு 105 கிலோமீட்டர். அவ்வளவு ஓட்ட மாட்டீர்கள், ஆனால் அறுபதில் எஞ்சின் சுகமாக இருக்கும். அதே ஹவுசிங்கில் 3,000 சுற்றோடு நின்றுவிடும் ஒரு டீசலைப் போட்டால் மணிக்கு 79-இல் எஞ்சின் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும். சமவெளியில் தேனி வரை போய்வரும்போது காது போய்விடும், டீசலில் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணமும் போய்விடும். 4.88 போட்டால் அதே 3,000-க்கு 87 வரும், 4.27 போட்டால் 99. மலையில் பாரத்தோடு ஓட்டும் உங்களுக்கு 4.88 போதும், 39 பல்லுக்கு 8 பல். 4.27 வேண்டாம், இரண்டாம் கியரில் ஏற வேண்டிய மேட்டை முதல் கியரில் ஏற வைக்கும். ஃபோர் வீல் என்பதால் முன் ஹவுசிங்கிலும் அதே விகிதம் போட்டாக வேண்டும், பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன் கியரைப் போட்டால், முன் பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தொலைந்தது. பலரும் மறக்கும் செலவு இது.

அப்புறம் எஞ்சின். "டீசல் என்றாலே இழுவை" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மஹிந்திராவின் பழைய எம்எம்540 ஜீப்பில் வந்த பெஜோ 2,112 சிசி டீசலை எடுத்துக்கொள்ளுங்க: 62 குதிரை சக்தி, இழுவை 12 கிலோகிராம்-மீட்டரை ஒட்டித்தான். ஹரிக்கேனைவிடக் குறைவு! ஓட்ட மென்மையான எஞ்சின், ஜீப்புக்கு நன்றாக இருக்கும், உங்கள் பாரத்துக்கு அதைப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

உங்களுக்கு மஹிந்திராவின் 2,523 சிசி டிஐ (நேரடி இன்ஜெக்ஷன்) டீசல்தான் பொருத்தம். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் எஞ்சினின் போர் 3.375 அங்குலம், ஸ்ட்ரோக் 4 அங்குலம், 2,350 சிசி. அதே 4 அங்குல ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு போரை 3.5 அங்குலமாக்கினால் 2,523. வயலில் வேலை செய்த பரம்பரை அது, குறைந்த சுற்றிலேயே இழுக்கும். லைனர், பிஸ்டன், ரிங் செட் எல்லாம் எந்த டவுனிலும் கிடைக்கும். சத்தமும் அதிர்வும் அதிகம், அதை ஒப்புக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

எஞ்சினை மட்டும் வாங்காதீங்க. டிஐ எஞ்சின், பெல் ஹவுசிங், கிளட்ச், நாலு கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், எஞ்சின் மவுண்ட் பிராக்கெட், ரேடியேட்டர், ஸ்டாப் கேபிள் வரைக்கும் ஒரே வண்டியிலிருந்து மொத்தமாக எடுங்க. ஒன்றுக்கொன்று பழகிய ஜோடி அது, கம்பெனியே மையம் பார்த்துக் கொடுத்தது, பிளேட்டே வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கும்போது பின் ஷாஃப்ட் எங்கே வருகிறது என்று கவனியுங்க. பழைய வில்லிஸ் வகையில் நடுவில் வராது, வலது பக்கம் ஒதுங்கி வரும், உங்கள் பின் ஹவுசிங்கும் அதற்கேற்ப ஒதுங்கியே இருக்கும். நடுவில் வருகிற பாக்ஸை வாங்கி வந்து வைத்தால் ஜாயிண்ட் பக்கவாட்டில் சாய்ந்து நின்று குறுக்குச் சிலுவையைத் தின்னும்.

யாழ்_ஹைலக்ஸ்

இந்த இழையை ஆர்வமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கட பக்கத்து அனுபவத்தையும் சொல்கிறேன், உதவும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கோ.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணால் காண ஏலாத காலம். ஒஸ்டின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினம். கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தக் காலத்தில் வளர்ந்த எங்களுக்கு எரிபொருள் என்பது வாகனத்தைத் தீர்மானிக்கிற விசயம், பழுதுகூட இரண்டாவதுதான். சண்டை முடிந்த பிறகு என்ர தகப்பனார் செய்த முதல் வேலை, பெற்றோல் ஹைலக்ஸ் பிக்கப்புக்கு டீசல் எஞ்சின் போட்டது.

நாங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் எஞ்சின் எடுத்தோம். கடைக்காரர் இசுசு 4ஜேபி1 ஒன்றைக் காட்டினார், 2,771 சிசி, நேரடி இன்ஜெக்ஷன், அருமையான எஞ்சின், விலையும் நல்லது. தகப்பனார் அதை விட்டுவிட்டு ரொயோட்டா 3எல் எடுத்தார், 2,779 சிசி. எல்லாரும் ஏன் என்று கேட்டார்கள். ஹைலக்ஸிலேயே எல் வகை டீசலைக் கொம்பனி போட்டு விற்றிருக்கிறது, அதனால் சேஸில் மவுண்ட் இடம், கியர்பொக்ஸ், ரேடியேற்றர் எல்லாம் அதே குடும்பத்தில் கிடைக்கும் என்றார். நாலு நாளில் எஞ்சின் உள்ளே போய்விட்டது. அதே மாதம் பக்கத்துக் கராஜில் வேறு கொம்பனி எஞ்சினை இன்னொரு பிக்கப்பில் ஏற்றினார்கள், எண்ணெய்ச் சட்டி முன் ஆக்சிலில் முட்டி, சட்டியை வெட்டி ஒட்டி, எஞ்சினை மேலே தூக்கி, பிறகு பொனற் மூடவில்லை என்று அதையும் வெட்டினார்கள். மூன்று மாதம்.

லேத் அண்ணை சொல்கிற ஜோடிக் கதை எங்கேயும் பொருந்துகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். எல் வகை எஞ்சினில் டைமிங் பெல்ற் இருக்கிறது, ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டும். பழைய எஞ்சின் எவ்வளவு ஓடியது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆகவே எஞ்சின் வெளியே நிற்கும்போதே பெல்ற், வோட்டர் பம்ப், பின் ஒயில் சீல், கிளச் பிளேற் நாலையும் மாற்றிப்போட்டு ஏற்றுங்கோ. உள்ளே போன பிறகு மாற்றினால் அதே வேலையை இரண்டு தரம் செய்ய வேண்டி வரும்.

பொள்ளாச்சி_தேங்காய்

எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள், காகிதத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஏனென்றால் நான் அதில் அடிபட்டவன்.

ஆறு வருடம் முன் டீசலுக்கு மாற்றிய பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். வண்டி தங்கம். விற்றவர் "எல்லாம் ஏறியிருக்கிறது" என்றார், நானும் ஆர்.சி.யில் பெயர் மாற்றத்தை மட்டும் பார்த்தேன். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோன அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்ததும் எஞ்சின் நம்பரைக் கேட்டார். புத்தகத்தில் பெட்ரோல், உள்ளே டீசல், நம்பரும் வேறு. ஏழு மாதம் வண்டி வீட்டு வாசலில் நின்றது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, சட்டப்படிதான் செய்தார்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இதற்கானது. வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்பதுதான் அடிப்படை, எரிபொருள் மாற்றம் என்றால் விதித்த நிபந்தனைப்படிதான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான், நீங்களோ அடிக்கடி போடிமெட்டு தாண்டிக் கேரளாவுக்குள் போகிறீர்கள். எண்பதுகளில் தொண்ணூறுகளில் எத்தனையோ ஜீப்பும் அம்பாசடரும் டீசலாக மாறி ஆர்.சி.யில் ஏறின. அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டு இன்றைக்குப் பட்டறையில் "பிறகு ஏற்றிக்கலாம்" என்கிறார்கள். பிறகு என்பது கிடையாது. எஞ்சினைத் தூக்குவதற்கு முன்னால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் செய்யாதீர்கள், நான் அவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

காரணம் அபராதம் இல்லை. இன்ஷூரன்ஸ். தொட்டியில் தோட்ட ஆட்கள் யாராவது ஏறியிருக்கும்போது மெட்டில் ஏதாவது ஆகிவிட்டால், புத்தகத்தில் இல்லாத எஞ்சினைக் காட்டிக் கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது. அந்தப் பணத்தை யார் கொடுப்பது? உங்கள் தோட்டத்தை விற்க வேண்டி வரும்.

வாங்கும் டிஐ எஞ்சினுக்கும் பில் வேண்டும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல் வேண்டும். திருட்டு எஞ்சின் தலையில் கட்டப்பட்டால் வேறு வழக்கு. உங்கள் வண்டி சரக்கு வண்டியாகப் பதிவானது என்றால் வருடா வருடம் எஃப்.சி., டீசலுக்கான புகைச் சோதனை வேறு, பழைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் கருமையை அளக்கும் அலகு) வரை. டீசலைப் பீச்சும் பம்பும் நாசிலும் சரியில்லாத எஞ்சின் அதில் தேறாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆர்.சி.யிலேயே டீசல் என்று இருக்கும் பழைய மஹிந்திரா பிக்கப்பைத் தேடுவது. உங்கள் தாத்தா வண்டி என்பதால் அது உங்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

போடி_ஏலத்தோட்டம்

அண்ணே, படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. தோட்டத்து ஆட்கள் தொட்டியில் ஏறுவது உண்மைதான், இனிமேல் ஏற்ற மாட்டேன். திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். பதில் வரும் வரை எஞ்சினைத் தொட மாட்டேன்.

ஆனால் பதில் சாதகமாக வந்தால் என்னென்ன சின்ன வேலைகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். எங்கள் மெக்கானிக் டீசல் லாரி வேலை தெரிந்தவர், ஆனால் பெட்ரோல் வண்டியை டீசலாக மாற்றி அனுபவம் இல்லை.

பம்ப்_நாசில்_திருச்சி

நான் இருபது வருடமாக டீசல் பம்ப் வேலை செய்கிறேன். மாற்றி வரும் வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

டேங்க். பெட்ரோல் டேங்கில் வெளியே போக ஒரு பைப்தான் இருக்கும். டீசலுக்குப் பம்பிலிருந்தும் நாசிலிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பி வர ரிட்டர்ன் லைன் வேண்டும். அதை டேங்கின் அடிவரைக்கும் இறக்கி, எடுக்கும் பைப்புக்குத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும் நுரையையே மறுபடி இழுத்து ஏர் பிடிக்கும். மேட்டில் நிற்கும், காரணமே தெரியாது. ஐம்பது வருடத்து டேங்கின் உள்ளே துரு படலமாக இருக்கும். டீசல் ஊற்றினால் அது உரிந்து கிளம்பும். புது டேங்க் அடித்துக்கொள்வதே மேல், இரண்டு ஃபில்டரும் தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும் கட்டாயம். பழைய பெட்ரோல் ஒரு லிட்டர்கூட மிச்சம் இருக்கக் கூடாது, பம்புக்கு எண்ணெய்ப் பசையே டீசல்தான், பெட்ரோல் கலந்தால் பிளஞ்சர் உரசிப் பிடித்துக்கொள்ளும்.

சாவியைத் திருப்பினால் பெட்ரோல் எஞ்சின் நிற்கும், டீசல் நிற்காது. ஸ்டாப் கேபிள் கை எட்டும் இடத்தில், பழைய சோக் கேபிள் மாதிரி இல்லாமல் கெட்டியாகப் போடுங்கள். ஓட்டுபவர் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள்.

பிரேக். இதுதான் உயிர். பெட்ரோல் எஞ்சினில் மூச்சு இழுக்கும் இடத்தில் ஒரு கதவு (த்ராட்டில்) இருப்பதால் வேக்குவம் கிடைக்கும், கால் எடுத்தால் எஞ்சினும் வண்டியைப் பிடிக்கும். டீசலில் அந்தக் கதவு இல்லை, வேக்குவம் இல்லை. பூஸ்டர் (வேக்குவத்தால் பிரேக் மிதியின் அழுத்தத்தைக் கூட்டும் சாமான்) போட வேண்டும் என்றால் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் வேக்குவம் பம்ப் இருக்கிற வகையை வாங்குங்கள், அதற்கு ஆயில் லைன் எடுத்து, திரும்பும் ஆயில் சம்ப்புக்கு நேராக விழ வழி செய்யுங்கள். பூஸ்டரே இல்லாத பழைய டிரம் பிரேக்கோடு டீசல் போட்டு மெட்டு இறங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செல்ஃப் மோட்டாருக்குப் பெட்ரோல் பேட்டரி போதாது. பெரிய பேட்டரி, தடித்த கேபிள், எஞ்சினிலிருந்து சேஸுக்கு ஒரு தனி எர்த் பட்டை. எர்த் பட்டையை மறந்தால் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகப் போய் அதைச் சிவக்க வைக்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் பிளக் கவலை டிஐ எஞ்சினுக்குப் பெரிதாக இல்லை, பெஜோவுக்கு நாலும் வேலை செய்தாக வேண்டும், அதுவும் பூப்பாறைக் குளிரில்.

கடைசியாக, டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் பத்து சதவீத சக்தியை இழக்கும். காற்று மெலிசாகிறது, டீசல் அளவு அப்படியே இருக்கிறது, அதனால் கரும்புகை. உடனே பம்பைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள். கூட்டினால் புகைதான் கூடும், பிஸ்டன் சூடாகும். மேலே ஓடுகிற வண்டிக்குக் கொஞ்சம் குறைத்து வைப்பதே சரி.

ஹரிக்கேன்_பிரியன்

பணக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி, ஆறு கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 16 ரூபாய் 70 காசு. டீசல் 92-ஐ ஒட்டி, பத்து கிடைத்தால் 9 ரூபாய் 20 காசு. ஏழரை ரூபாய் மிச்சம், மாதம் அறுநூறு கிலோமீட்டருக்கு 4,500. எஞ்சின், பாக்ஸ், இரண்டு கிரவுன் செட், பிரேக், டேங்க் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் ஆனால் மூன்றரை வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ஹரிக்கேன் எட்டு கொடுத்தால் மிச்சம் இன்னும் சுருங்கும். 2014 அக்டோபரில் டீசல் விலையைச் சந்தைக்கு விட்டபிறகு பழைய கணக்கு எதுவும் செல்லாது. பணத்துக்காக மாற்றுவது என்றால் என் ஓட்டு வேண்டாம் என்பதற்குத்தான்.

சிங்காநல்லூர்_லேத்

கணக்கு சரி. மேட்டில் நிற்காமல் ஏறுவதற்காக மாற்றுவது என்றால் அதற்கு விலை போட முடியாது. இரண்டையும் அவர்தான் எடை போட வேண்டும்.

போடி_ஏலத்தோட்டம்

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஏலக்காய் சீசன்.

மனு கொடுத்திருக்கிறேன், இரண்டு முறை கூடுதல் விவரம் கேட்டார்கள், இன்னும் பதில் வரவில்லை. டிஐ எஞ்சின் கிடைத்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் தன் ஜீப்பைப் பதிவு ரத்து செய்துவிட்டு மொத்தமாகக் கொடுத்தார், எஞ்சின், பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பிராக்கெட், ரேடியேட்டர் எல்லாம் ஒரே வண்டி, பில்லும் ஆர்.சி. நகலும் கையில். பின் ஷாஃப்ட் வலது பக்கம்தான் வருகிறது, குனிந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். கொட்டகையில் ஒரு இரும்புச் சட்டத்தில் வைத்து, வெளியே ஒரு கேனிலிருந்து டீசல் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். ரிட்டர்ன் டியூபைக் கேனின் அடிவரை இறக்கினோம். எங்கள் மெக்கானிக் முகத்தில் அன்றைக்குத்தான் பழைய சிரிப்பு வந்தது. யாழ் அண்ணன் சொன்னபடி பின் ஆயில் சீலும் கிளட்ச் பிளேட்டும் வாட்டர் பம்பும் மாற்றியாகிவிட்டது.

அனுமதி வரும் வரை சும்மா இருக்க முடியவில்லை. எந்த எஞ்சினுக்கும் தேவைப்படும் வேலைகளை முதலில் முடித்தேன். நாலு சக்கரத்துக்கும் புது லைனிங், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் பைப் முழுதும் புதுசு. முன் ஸ்பிரிங் பட்டையைக் கழற்றி வளைவு ஏற்றி மாட்டினோம். பெட்ரோல் லைனை வெளியே திருப்பி, எலக்ட்ரிக் பம்பும் தகரமும் போட்டாயிற்று. வால்வு கிளியரன்ஸும் டிஸ்ட்ரிபியூட்டரும் பார்த்தபிறகு மைலேஜ் ஏழரை.

போன ஞாயிறு மத்தியானம் ஒரு மணி வெயிலில் பத்து மூட்டை உரத்தோடு ஏறினேன். நிற்கவே இல்லை. திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டு, கால் வைத்த இடத்தில் வண்டி நின்றது, என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை, கீழே முந்தல் வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார்.

டிஐ எஞ்சினைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன், வாரம் ஒரு தடவை கையால் கிராங்க்கைச் சுற்றி விடுகிறேன். லேத் அண்ணனுக்கு ஒரு கேள்வி: 39-க்கு 8 கிரவுன் பினியன் பின்னுக்குக் கிடைத்துவிட்டது, முன் ஹவுசிங்குக்கு அதே விகிதத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். பழசு வாங்கினால் பல்லில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

சிங்காநல்லூர்_லேத்

கிரவுனையும் பினியனையும் தனித்தனியாக வாங்காதீங்க, சேர்ந்து ஓடிய ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஜோடி எண் குத்தியிருக்கும், துடைத்துப் பாருங்க. பல்லின் ஓட்டுப் பக்கத்தில் (முன்னே ஓட்டும்போது பாரம் தாங்கும் பக்கம்) மசை பூசிச் சுற்றினால் தடம் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் விழுந்தால் விட்டுவிடுங்க. பல்லின் நுனியில் சிறு குழி இருந்தாலும் வேண்டாம். கிடைத்ததும் போட்டோ போடுங்க, பார்த்துச் சொல்கிறேன்.